பச்சைக் கோடு போட்ட சாக்ஸ்

ஜெராக்ஸ் அக்காவுக்கு இருபத்தோரு வருஷமாக ஒரு நல்ல பெயர் இருந்தது. அவள் கடைக்கு வருகிற காகிதம் எதுவானாலும் சரி, அதில் இருப்பது அவள் வாய் வழியாக வெளியே போகாது. விவாகரத்து மனு, ரத்தப் பரிசோதனை முடிவு, வேலையை விட்டு நீக்கிய உத்தரவு, வயதான அப்பாவை யார் வைத்துக்கொள்வது என்று அண்ணன் தம்பிகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட வக்கீல் கடிதம், எல்லாம் அவள் மெஷினின் கண்ணாடி மேல் குப்புறப் படுத்து எழுந்து போயிருக்கின்றன. காகிதத்தை வாங்கும்போதே எழுத்து கீழே போகும்படி திருப்பிப் பிடிப்பாள். எத்தனை காப்பி என்பதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கமாட்டாள். கடைக்கு எதிரே குழந்தைகள் நல அலுவலகம். அங்கே இருக்கிற மெஷின் மாதத்தில் பாதி நாள் படுத்துவிடும். பூட்டி வைக்க வேண்டிய காகிதங்களைக்கூட அவளை நம்பித்தான் கொடுத்தனுப்புவார்கள்.

இப்பேர்ப்பட்டவள்தான் ஒரு சின்னப் பெண்ணின் மானத்தை நாற்பது பேர் முன்னால் கடைவிரித்தாள். சும்மா இல்லை, கைதட்டல் வாங்கிக்கொண்டு விரித்தாள். அவளுக்குப் பரிந்து இரண்டு வார்த்தை சொல்லலாம்தான். ஆனால் தனக்குத் தானே பரிந்து பேசுவதை அவளே நிறுத்திவிட்ட பிறகு, நாம் யார் வக்காலத்து வாங்க?

விஷயம் முழுசாகப் புரிய வேண்டுமானால் ஒன்பது வருஷம் பின்னால் போக வேண்டும். ஒரே மகன் வேலை கிடைத்து வெளியூர் போனான். புருஷன் லிப்ட் மெக்கானிக். காலையில் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் சாயங்காலம் வருவார், வந்தால் பேசமாட்டார். லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களைச் சமாதானப்படுத்தும்போது செலவழிக்கிற சொற்களோடு அவருடைய அன்றைய பேச்சு தீர்ந்துவிடும் என்று அவள் கேலி செய்வாள். வீடு வெறிச்சோடிப் போயிருந்தது. சொந்த வீட்டில் இருக்க முடியாமல் போன குழந்தைகளைக் கொஞ்ச காலத்துக்கு வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று எதிர் அலுவலகம் நோட்டீஸ் அடித்தது. நூறு காப்பி போட்டுக் கொடுத்தவள், நூற்றியோராவது காப்பி ஒன்று போட்டுத் தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவுகிற அலுவலகம் இல்லை அது. மாதம் ஒரு சனிக்கிழமை, மாடியில் இருக்கிற கூடத்தில், வளர்ப்புப் பெற்றோர் எல்லோரும் பயிற்சிக்கு வந்தாக வேண்டும். பயிற்சி நடத்துகிற அம்மாள்தான் வீடு வீடாக வந்து பார்ப்பதும். எல்லோரும் அவரை டீச்சர் என்றே கூப்பிடுவார்கள். ஒரு பிள்ளையை வளர்த்து ஆளாக்கினவளுக்கு என்ன பாடம் எடுக்கப் போகிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டுதான் முதல் சனிக்கிழமை போனாள். அன்றைக்கே மண்டையில் உறைத்தது. முதலில் வந்த குழந்தை குளிக்க மாட்டேன் என்று அடம் பிடித்தபோது அவள் கதவைச் சாத்திக் குளிப்பாட்டியிருந்தாள். சாத்திய கதவு சில குழந்தைகளுக்கு என்னவாக இருக்கும் என்று டீச்சர் சொல்லச் சொல்ல, அவளுக்கு உட்கார முடியவில்லை. அதிலிருந்து ஒரு சனிக்கிழமையைக்கூட விட்டதில்லை.

போகப் போக அந்தக் கூடத்தில் அவளுக்கென்று ஓர் இடம் வந்துவிட்டது. ஜெராக்ஸ் அக்கா எழுந்தால் தூங்குகிறவன்கூட நிமிர்ந்து உட்காருவான். கடையில் வருஷக்கணக்காகப் பூட்டி வைத்திருந்த வாய்க்கு மாதத்தில் ஒரு நாள் விடுதலை கிடைத்தது. வீட்டில் நடந்ததை எடுத்து, கண் காது மூக்கு வைத்து, புருஷன் முழித்த முழியையும் சேர்த்துச் சொன்னாள் என்றால் கூடம் குலுங்கும். புதிதாக வந்து பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அதைக் கேட்டால் கொஞ்சம் தைரியம் வரும். டீச்சரே அதை விரும்பினார்.

அந்தக் கூடத்துக்கு ஒரே ஒரு விதிதான் பெரிய விதி. இங்கே கேட்டது இங்கேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் தொடங்குவதற்கு முன்னால் யாராவது அதை எழுந்து நின்று படிக்க வேண்டும். மூன்றாவது வருஷத்திலிருந்து அதைப் படித்தவள் ஜெராக்ஸ் அக்காதான். நல்ல கணீரென்ற குரல்.

போன வருஷம் ஆறாவதாக ஒரு குழந்தை வந்தது. எட்டு வயசுப் பெண். வந்த அன்றைக்குப் பையைக்கூடக் கீழே வைக்காமல் எல்லா அறைக்கும் போனாள். எல்லா அலமாரியையும் திறந்து பார்த்தாள். எந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாள், எதற்கு வெளித்தாழ்ப்பாள் என்று சோதித்தாள். பின்னாலேயே நடந்த லிப்ட் மெக்கானிக், “எல்லாம் சரியா இருக்கா, இன்ஸ்பெக்டர்?” என்று கேட்டார். அன்று முதல் அவள் இன்ஸ்பெக்டர். பிடிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள்.

அவளோ இவர்களை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. அம்மா என்று கூப்பிடச் சொல்லக் கூடாது, குழந்தையே ஒரு சொல்லைத் தேடிக்கொள்ளட்டும் என்பது பயிற்சியில் சொன்னது. மூன்று மாதம் ‘இங்க பாருங்க’ என்பதிலேயே ஓடியது.

துவைத்துக் காய்ந்த துணியை மடித்து, சாக்ஸை ஜோடி ஜோடியாக உருட்டி, இழுப்பறையில் வைப்பது ஜெராக்ஸ் அக்காவின் ஞாயிற்றுக்கிழமை வேலை. ஒரு ஞாயிறு, ஏற்கனவே உருட்டி வைத்திருந்த ஒரு ஜோடி மட்டும் தடியாக இருந்தது. பச்சைக் கோடு போட்டது, விளையாட்டு நாளுக்குப் போடுகிற சாக்ஸ். பிரித்தால் உள்ளே இரண்டு காய்ந்த ரொட்டித் துண்டு. அவள் கத்தவில்லை. அதெல்லாம் பாடத்தில் படித்ததுதான். பட்டினி கிடந்த பிள்ளைகள் சாப்பாட்டைப் பதுக்குவார்கள், பிடுங்கக் கூடாது, திருடி என்று ஒரு சொல் வாயில் வரக் கூடாது. பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து, எதற்காக இந்தச் சாக்ஸில் என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

“இது ஓடறதுக்குப் போடற சாக்ஸ்” என்றாள் இன்ஸ்பெக்டர். “எப்பவாச்சும் ஓட வேண்டி வந்தா, தேட வேண்டாம்ல.”

ஜெராக்ஸ் அக்கா எழுந்து குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஓர் ஏற்பாடு செய்தாள். ரொட்டி அங்கேயே இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்ஸ்பெக்டரே பழசை எடுத்துக் கொடுப்பாள், இவள் புதுசாக ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பாள். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அப்படி நாலு ஞாயிறு போன பிறகு ஒரு காலை, “பெரியம்மா, இது பூசணம் பிடிச்சிருச்சு” என்று ஒரு துண்டை நீட்டினாள். பூசணத்தைப் பார்த்து ஒருத்திக்கு அவ்வளவு சந்தோஷம் வந்தது உலகத்திலேயே அன்றைக்குத்தான் இருக்கும்.

ஆக, வீட்டில் அவள் எதையும் தப்பாகச் செய்யவில்லை. செய்ததெல்லாம் கூடத்தில்தான்.

அந்தச் சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு கூடமே அசந்து கிடந்தது. சாப்பாட்டைப் பதுக்குகிற குழந்தைகளைப் பற்றி டீச்சர் நடத்திக்கொண்டிருந்தார். முன் வரிசையில் ஒரு புதுத் தம்பதி. மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். ஒன்பது வயசுப் பெண் ஒருத்தி அவர்கள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மனைவி எழுந்து, எங்கள் பெண்ணும் தலையணைக்கு அடியில் சோற்றை வைக்கிறாள், எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை என்று அழாக்குறையாகச் சொன்னாள். டீச்சர் பின்னால் திரும்பி, ஜெராக்ஸ் அக்கா, நீங்கள் சொல்லுங்களேன் என்றார்.

பெயர் சொல்லவில்லை. பெயரைச் சொல்லாவிட்டால் போதும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் மற்றதெல்லாம் சொன்னாள். இழுப்பறையில் எலி புகுந்துவிட்டது என்று பயந்ததாகச் சொன்னாள். புருஷன் நாற்காலி மேல் ஏறி நின்றதாகச் சொன்னாள். எலியும் கிடையாது, நாற்காலியும் கிடையாது. பச்சைக் கோடு போட்ட சாக்ஸ் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்ததை நடித்துக் காட்டினாள். சிரிப்பு ஏற ஏற அவளுக்கும் ஏறியது. கடைசியில், முத்தாய்ப்பாக, குரலைச் சின்னதாக்கி, மூக்கைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, “ஓட வேண்டி வந்தா தேட வேண்டாம்ல” என்றாள்.

கூடம் அதிர்ந்தது. கைதட்டினார்கள். கண்ணாடிக் கடைப் பெண் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டீச்சரும் சிரித்தார். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுத சொல் அது. அந்தச் சொல்லுக்கு இத்தனை கைதட்டல் வாங்கலாம் என்று அவளுக்கு எப்படித்தான் தோன்றியதோ.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளியில் ஓட்டப் பயிற்சி. இன்ஸ்பெக்டர் சாயங்காலம் வந்தபோது வெறுங்காலில் ஷூ மாட்டியிருந்தாள். சாக்ஸ் எங்கே என்றதற்குக் குப்பைத் தொட்டியில் என்றாள். பையை வைத்தாள், கையைக் கழுவினாள், சமையலறைக்கு வந்து நின்றாள். ஒரு வகுப்பு மேலே படிக்கிற ஒரு பெண் அவள் காலைப் பார்த்ததும் பச்சைக் கோடு, பச்சைக் கோடு என்று எல்லோரையும் கூப்பிட்டாளாம். ரொட்டி எடுத்துக்கிட்டியா, ஓடு என்று கத்தினார்களாம். அவள் ஓடாமல் நின்றுவிட்டாளாம். இதையெல்லாம் அழாமல் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள்.

“பெரியம்மா, அதை உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன்? அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்?”

ஒரு நொடி போதும் உண்மையைச் சொல்ல. அந்த நொடியை ஜெராக்ஸ் அக்கா கரண்டியைத் தேடுவதில் கழித்தாள். “எனக்குத் தெரியலையேம்மா” என்றாள். அதோடு விட்டாளா? யாரோ கதை கட்டி விட்டிருப்பார்கள் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

“கதை இல்லையே” என்றாள் இன்ஸ்பெக்டர். “நெஜம்தானே.”

கேலி செய்த பெண் கண்ணாடிக் கடைப் பெண் வீட்டுக் குழந்தை என்பது ஜெராக்ஸ் அக்காவுக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஆனால் வெட்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு நிற்பது சாமானியப்பட்ட வேலை இல்லை. கோபமாக மாற்றிக்கொள்வது சுலபம். மறுநாள் காலை கடையைத் திறப்பதற்கு முன்னாலேயே எதிர் அலுவலகத்துக்குப் போய்ப் பொரிந்து தள்ளினாள். விதியை மீறிவிட்டார்கள், புதிதாக வந்தவர்களுக்கு நாக்கு அடங்கவில்லை, ஒரு குழந்தையின் விஷயத்தை ஊருக்குச் சொல்லிவிட்டார்கள் என்றாள். டீச்சர் கேட்டு எழுதிக்கொண்டார். விதி விதிதான். அந்தத் தம்பதி எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை குழு கூடி, அந்தப் பெண்ணை அவர்களிடமே விடுவதா வேறு வீட்டுக்கு மாற்றுவதா என்று முடிவு செய்யும் என்றார். ஜெராக்ஸ் அக்கா தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

வீட்டில் பெரியம்மா என்ற சொல் நின்றுபோனது. சண்டை இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. ‘இங்க பாருங்க, ஷூ லேஸ் அறுந்துபோச்சு.’ ‘இங்க பாருங்க, நாளைக்கு ஸ்கூல் லீவு.’ ஞாயிற்றுக்கிழமை காலையில் எதையும் எடுத்து நீட்டவில்லை. இழுப்பறையைத் திறந்தால் எல்லா ஜோடியும் தட்டையாக இருந்தது. குழந்தை பதுக்குவதை நிறுத்திவிட்டால் நல்ல அறிகுறி என்று எந்தப் பாடத்திலும் எழுதியிருக்கும். இது அந்த நிறுத்தம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஒளித்து வைக்கக்கூட இந்த வீட்டை நம்ப முடியாது என்று அந்தப் பெண் முடிவு செய்துவிட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் கண்ணாடிக் கடைப் பெண் கடை வாசலில் வந்து நின்றாள். அந்தத் தெருவில் வேறு ஜெராக்ஸ் கடை கிடையாது. இரண்டு பக்கக் கடிதம், மூன்று காப்பி வேண்டும் என்றாள். காகிதத்தைக் கொடுத்தவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“அக்கா, உங்க மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னே தெரியல” என்றாள். “உங்க பொண்ணுக்கு இப்படி ஆகும்னு நான் நினைக்கவே இல்ல. என்னை மன்னிச்சிடுங்க.”

ஜெராக்ஸ் அக்கா காகிதத்தை வழக்கம்போல் கவிழ்த்து வாங்கி மெஷினுக்குள் விட்டாள். முதல் பக்கம் நல்லபடியாக வந்தது. இரண்டாவது பக்கம் உள்ளே மாட்டிக்கொண்டது. மூடியைத் திறந்து, உருளையைச் சுற்றி, கசங்காமல் மெல்ல இழுத்தால் காகிதம் எழுத்து மேலே தெரிய வெளியே வந்தது. இருபத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக அவள் அடுத்தவர் காகிதத்தைப் படித்தாள்.

எங்கள் பெண், தான் ஒருத்திதான் இப்படிச் சோற்றைத் திருடுகிறவள் என்று சொல்லி அழுதாள், நீ மட்டும் இல்லை, சாக்ஸுக்குள் ரொட்டி வைக்கிற ஒரு குட்டிப் பெண்ணும் இருக்கிறாள் என்று தேற்றுவதற்காகச் சொன்னேன், பச்சைக் கோட்டையும் சொல்லிவிட்டேன், அந்தக் குழந்தை அதே பள்ளியில் படிப்பது எனக்குத் தெரியாது என்று எழுதியிருந்தது. கடைசியில் இப்படி முடிந்திருந்தது. ‘பயிற்சியில் அதைச் சொன்னவர் என்னைப் போன்றவர்களுக்கு உதவத்தான் சொன்னார். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை. தவறு என்னுடையது மட்டுமே. தயவுசெய்து எங்கள் பெண்ணை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.’

காப்பியை எடுத்து, ஓரம் தட்டி, பின் அடித்துக் கொடுத்தாள். கண்ணாடிக் கடைப் பெண் இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போனாள். செருப்பால் அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது ஜெராக்ஸ் அக்காவுக்கு. ஷட்டரைப் பாதி இறக்கினாள், பிறகு முழுசாக இறக்கினாள், தெருவைக் கடந்தாள்.

டீச்சர் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டேதான் பேசினாள், உட்காரத் தோன்றவில்லை. பச்சைக் கோட்டைச் சொன்னது நான். அந்தக் குரலில் நடித்துக் காட்டியது நான். எலி, நாற்காலி எல்லாம் பொய். குழந்தை கேட்டபோது தெரியாது என்று சொன்னதும் நான்தான். அதற்குப் பிறகு இங்கே வந்து அவர்கள்மேல் பழி போட்டேன். இவ்வளவையும் மென்று விழுங்காமல் சொல்லி முடித்தாள்.

டீச்சர் பேனாவை மூடி வைத்தார். திட்டுவார் என்று பார்த்தால் திட்டவில்லை. “அன்னைக்கு நானும் சிரிச்சேன், அக்கா” என்றார். “நிறுத்துங்கன்னு சொல்ல வேண்டியவ நான். சொல்லாம, நல்லா இருக்குன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

பிறகு டீச்சர் நடக்க வேண்டியதைச் சொன்னார். வெள்ளிக்கிழமைக் குழுவிடம் இதை அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். இனிமேல் விதியைப் படிப்பது வேறொருவர். புதிதாகச் சேர்கிறவர்களுக்கான ஆரம்ப வகுப்பு ஆறு வாரம், அதில் அவள் மறுபடி முதலிலிருந்து உட்கார வேண்டும். வருகிற சனிக்கிழமை கூடத்தில் எழுந்து நின்று சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் சரி என்றாள்.

“இன்னொண்ணு. இங்கேயே இருக்காளா, வேற வீட்டுக்குப் போறாளான்னு நான் அவகிட்ட தனியா கேட்கணும். அதுதான் முறை” என்றார் டீச்சர். “அதுக்கு முன்னாடி நீங்க அவகிட்ட சொல்லிடுங்க. சனிக்கிழமை என்ன பேசலாம்னும் அவகிட்டயே கேட்டுக்குங்க. அது உங்க கதை இல்ல.”

ஜெராக்ஸ் அக்கா தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

இன்ஸ்பெக்டர் மாடிக் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. ஜெராக்ஸ் அக்கா ஒரு கிளிப்பைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

“அதை அங்க சொன்னது நான்தான்” என்றாள் கடைசியில்.

இன்ஸ்பெக்டர் துணியை எடுப்பதை நிறுத்தவில்லை. “எத்தனை பேர் இருந்தாங்க?”

“நாப்பது பேர்.”

“சிரிச்சாங்களா?”

இதற்கும் தெரியாது என்று சொல்லலாம். “சிரிச்சாங்க” என்றாள்.

“நீங்க?”

“நானும்தான்.”

சட்டை ஒன்று, பாவாடை ஒன்று, தலையணை உறை ஒன்று என்று கூடைக்குள் விழுந்தது. “அப்ப ஏன் தெரியாதுன்னு சொன்னீங்க?”

“வெக்கமா இருந்துது.”

இன்ஸ்பெக்டர் அப்போதுதான் திரும்பினாள். “எனக்கும்தான் வெக்கமா இருந்துது” என்றாள். “நான் பொய் சொல்லலையே.”

ஜெராக்ஸ் அக்கா மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்டாள். இனிமேல் பண்ணமாட்டேன் என்று சொல்லத் தொடங்கி, அதைக் கேட்கவே தனக்குச் சகிக்காமல் பாதியில் விட்டாள். பிறகு சனிக்கிழமை விஷயத்தைச் சொல்லி, என்ன பேசலாம் என்று கேட்டாள். இன்ஸ்பெக்டர் கூடையைக் கீழே வைத்து யோசித்தாள். வந்த அன்றைக்குத் தாழ்ப்பாள்களைச் சோதித்த அதே முகம்.

“சாக்ஸ்னு சொல்லக் கூடாது” என்றாள். “ரொட்டின்னு சொல்லக் கூடாது. நான் பேசற மாதிரி பேசக் கூடாது. உங்களைப் பத்தி சொல்லுங்க. என்னைப் பத்தி வேண்டாம்.”

அடுத்த நாள் டீச்சர் வந்து அவளைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டார். இருக்கிறாயா, போகிறாயா என்ற கேள்விக்கு, சனிக்கிழமை முடியட்டும், அப்புறம் சொல்கிறேன் என்றாளாம் இன்ஸ்பெக்டர். ஜெராக்ஸ் அக்கா அதைக் கேட்டுவிட்டு சனிக்கிழமை வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாத மாதிரித்தான் நடமாடினாள். புருஷன் தானாகவே பாத்திரம் துலக்கி வைத்தார்.

வெள்ளிக்கிழமை நல்லபடியாகப் போனது. கண்ணாடிக் கடைப் பெண்ணின் குழந்தை அந்த வீட்டிலேயே இருக்கலாம் என்று குழு முடிவு செய்தது. சனிக்கிழமை கூடத்தில் விதியை வேறொருவர் படித்தார், குரல் பின் வரிசைக்கு எட்டவில்லை. அதன் பிறகு டீச்சர் பெயர் சொல்லாமல் பின்னால் பார்த்தார். ஜெராக்ஸ் அக்கா எழுந்தாள். பல பேர் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். ஓரத்தில் ஒரு பெரியவர் இப்போதே சிரிப்புக்குத் தயாராக வாயைப் பாதி திறந்து வைத்திருந்தார்.

“போன தடவை நான் சொன்னது சொல்லியிருக்கக் கூடாத விஷயம்” என்றாள். “உங்களைச் சிரிக்க வைக்கணும்னு சொன்னேன். அது வெளிய போனப்ப, நான் சொல்லலைன்னு வீட்டுல பொய் சொன்னேன். இங்க வந்து, குத்தமே செய்யாதவங்க மேல பழி போட்டேன். தயவுசெஞ்சு போன தடவை கேட்டதை யாரும் திருப்பிச் சொல்லாதீங்க. வீட்டுக்குள்ளகூடச் சொல்லாதீங்க.”

அவ்வளவுதான். கண் இல்லை, காது இல்லை, மூக்கு இல்லை. அவள் வாழ்க்கையிலேயே இவ்வளவு மோசமாக எதையும் சொன்னதில்லை. பெரியவர் வாயை மூடிக்கொள்ள மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக் கடைப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தபோது ஜெராக்ஸ் அக்காவுக்குக் காது இரண்டும் எரிந்தது. மீதி நேரமெல்லாம் டீச்சர் என்ன நடத்தினார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வீட்டுக் கதவைத் திறந்ததே இன்ஸ்பெக்டர்தான்.

“சிரிச்சாங்களா?”

“ஒருத்தரும் சிரிக்கல.”

“சாக்ஸ்னு சொன்னீங்களா?”

“இல்ல.”

“ரொட்டி?”

“இல்ல.”

“அப்ப என்னதான் பேசுனீங்க?”

“நான் பொய் சொன்னதைச் சொன்னேன்.”

இன்ஸ்பெக்டர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய் வீட்டுப்பாட நோட்டைத் திறந்துகொண்டாள். டீச்சரிடம், இப்போதைக்கு இருக்கேன் என்று சொன்னாளாம். அந்த ‘இப்போதைக்கு’ என்ற சொல்லை ஜெராக்ஸ் அக்கா தினமும் கடைக்குப் போகும்போதும் வரும்போதும் நினைத்துக்கொண்டாள். குறை சொல்ல அவளுக்கு என்ன யோக்கியதை இருந்தது?

புது சாக்ஸ் வாங்கப் போனபோது கோடு போட்டது எதையும் இன்ஸ்பெக்டர் தொடவில்லை, சாம்பல் நிறத்தில் மூன்று ஜோடி எடுத்தாள். ஆரம்ப வகுப்பு தொடங்கியது. தன் மகன் வயசுப் பிள்ளைகளுக்கு நடுவில், முன் வரிசையில், நோட்டுப் புத்தகத்தோடு அவள் உட்கார்ந்தாள். பழைய ஆட்கள் வராந்தாவில் பார்த்துவிட்டு, நீங்கள் பாடம் எடுக்கிறீர்களா என்று கேட்டால், இல்லை, படிக்கிறேன் என்றாள். ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்வதற்குள் முகம் சிவந்தது. வீட்டில் ‘இங்க பாருங்க’ தொடர்ந்தது. ஞாயிறுகள் தட்டையாகப் போய்க்கொண்டிருந்தன.

ஆறாவது வாரம் வகுப்பு முடிந்தது. மறுநாள் ஞாயிறு. துணியை மடித்து, சாக்ஸை உருட்டி, இழுப்பறையைத் திறந்தாள். கையில் இருந்த ஜோடியை வைக்க இடம் பண்ணுவதற்காக உள்ளே இருந்ததை ஒதுக்கினாள். சாம்பல் நிற ஜோடி ஒன்று தடித்திருந்தது.

துணியை மடித்து வைப்பது யார் என்று இன்ஸ்பெக்டருக்குத் தெரியாதா? இந்த இழுப்பறையை இன்றைக்குத் திறக்கப் போவது யார் என்று தெரியாதா? ஜெராக்ஸ் அக்கா அதைப் பிரிக்கவில்லை. விரலால் லேசாக அழுத்திப் பார்த்தாள், ஓரம் முறுகலாக இருந்தது. எப்படி இருந்ததோ அப்படியே, அதே மூலையில் வைத்து, இழுப்பறையை மூடினாள். மூடிய பிறகும் கையை எடுக்காமல் அங்கேயே நின்றாள்.

கருவிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த லிப்ட் மெக்கானிக் நிமிர்ந்து, என்ன என்று கேட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவருடைய ஒரு ‘என்ன’வுக்கு அரை மணி நேரத்துக்குக் குறைந்து அவள் பதில் சொன்னதில்லை.

“ஒண்ணுமில்ல” என்றாள்.